விஞ்ஞானமும் நம் வீதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

"விஞ்ஞானமும் பொதுமக்களும்" என்னும் பொருள் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் என்னைப் பணித்தபோது நான் திகைத்தேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். இரயில்வேயின் சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் ஓர் எழுத்தன். ஆராய்ச்சிக் கூடத்தின் வாயிற்படியையும் மிதித்தறியேன். "பேராசிரியர் ஒருவரை அழைக்கலாமே!" என்றேன். "பொதுமக்களைப் பற்றிப் பேசுவதற்குப் பொதுமக்களில் ஒருவர்தாமே வேண்டும்!" என்று கூறிச் செயலாளர் என் வாயை அடைத்துவிட்டார். ஆகவே, படித்தறிந்த சிலவற்றையும் பட்டறிந்த சிலவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நாம் குடியிருக்கும் இம்மாநகரில் விஞ்ஞானத்துக்குக் குறைவில்லை. செம்பூரிலிருந்து கூப்பிடு தொலைவில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொலாபாவின் கடலோரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பவாயில் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா இங்கேதான் உயிர்பெற்றது. விஞ்ஞானம் நம் ஊரில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அது நம் தெருவில் இருக்கிறதா, நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறதா என்பதே என் கேள்வி. இதற்கு விடை தேட இந்நகரின் வரலாற்றிலிருந்து மூன்று காட்சிகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதற்காட்சி 1896-ஆம் ஆண்டு. அந்நாளைய பம்பாயில், துறைமுகத்தை அடுத்த மாண்டவி வட்டாரத்தில், செப்டம்பர் மாதத்தில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் பிளேக் நோயைக் கண்டறிந்து கூறினார். அக்காலத்து அரசாங்கம் என் செய்தது? வீடு வீடாகச் சோதனையிட்டது. நோயுற்றோரைப் பெற்றார் உற்றாரிடமிருந்து பிரித்து வலிந்து தூக்கிச் சென்றது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தபின், இரயில் நிலையங்களில் ஆணும் பெண்ணும் நிறுத்திவைத்துச் சோதிக்கப்பட்டனர். எதற்காக இது செய்யப்படுகிறதென்று மக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைப்பார் இல்லை.

சொல்லாத இடத்தில் வதந்தி பிறக்கும் அன்றோ? மருத்துவமனைக்குள் போனவர் திரும்புவதில்லை என்றும், நோயாளியின் உடலிலிருந்து தைலம் வடிக்கிறார்கள் என்றும் ஊரெங்கும் பேச்சு எழுந்தது. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் திரண்டு சென்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். இலட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடினர். அவர்களோடு நோயும் வண்டியேறிற்று.

"அறியாமை மிக்க மக்கள்" என்று அதிகாரிகள் எழுதி வைத்தனர். ஆனால் நண்பர்களே, அறியாமை மக்களிடம் மட்டுமா இருந்தது? பிளேக் அழுக்கிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் பரவுகிறது என்று எண்ணித் தெருக்களையும் சாக்கடைகளையும் கார்பாலிக் அமிலம் கொண்டு கழுவிக்கொண்டிருந்தார்கள் அதிகாரிகள். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை 1898-இல்தான் கராச்சியில் பால் லூயி சைமன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் சோதனையால் கண்டார். அதையும் பல ஆண்டுகள் கழித்தே, நம் பரேலில் நடந்த ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே, உலகம் முழுமனத்தோடு ஒப்புக்கொண்டது. ஆகவே 1896-இல் அறியாதவர் இரு திறத்தார். ஒரு திறத்தாரிடம் அதிகாரம் இருந்தது, மறு திறத்தாரிடம் அச்சம் இருந்தது. இதுவே வேற்றுமை.

அந்த இருளில் ஓர் ஒளி தோன்றிற்று. ஒடெசா நகரிற் பிறந்து, பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பயின்ற வால்டெமர் ஹாப்கின் என்பவர் 1896 அக்டோபரில் பம்பாய் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறிய இடம். துணைக்குக் கிடைத்தவர்கள் ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும். எழுத்தன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்ததை மறைக்க மாட்டேன்! மூன்று மாதத்திற்குள் பிளேக் தடுப்பூசி மருந்து உருவாயிற்று. 1897 ஜனவரி 10-ஆம் நாள் அம்மருந்தை ஹாப்கின் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்தன, வந்தவாறே சென்றன.

அடுத்து நிகழ்ந்ததைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகிறேன். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறைச்சாலையில் பிளேக் தோன்றிற்று. கைதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். மற்றவர் போட்டுக்கொள்ளவில்லை. இரு சாராரும் உண்டது ஒரே உணவு, உறங்கியது ஒரே கூரையின்கீழ். பின்வந்த நாட்களில் ஊசி போடாதவருள் 12 பேர் நோயுற்று 6 பேர் மாண்டனர். போட்டவருள் நோயுற்றோர் 2 பேர், மாண்டவர் எவருமிலர்.

விஞ்ஞானம் என்றால் என்னவென்று என் போன்றவன் விளங்கிக்கொண்டது இவ்விடத்தில்தான். எங்கள் அலுவலகப் பேரேட்டில் எப்போதும் இரண்டு பத்திகள் உண்டு. வந்த சரக்கு ஒன்றில், சென்ற சரக்கு மற்றொன்றில். ஒரு பத்தியை மட்டும் காட்டி "கணக்குச் சரி" என்று எவனாவது சொன்னால் தணிக்கையாளர் அவனை விடமாட்டார். விஞ்ஞானமும் அத்தகைய பேரேடுதான். மருந்துண்டவர் கணக்கு ஒரு பத்தியிலும் உண்ணாதவர் கணக்கு மறு பத்தியிலும் எழுதப்பட வேண்டும். "நான் உண்டேன், எனக்கு நலமாயிற்று" என்பது ஒற்றைப் பத்திக் கணக்கு. உண்டும் நலமாகாதவர் எத்தனை பேர், உண்ணாமலே நலமானவர் எத்தனை பேர் என்று கேட்டு மறு பத்தியையும் நிரப்பினால்தான் உண்மை புலப்படும். இதைச் செய்யப் பெரும் பட்டம் வேண்டுவதில்லை. பொறுமையும் நேர்மையும் இருந்தாற் போதும்.

மருந்து கிடைத்துவிட்டது. மக்கள் ஏற்றார்களா? ஆணையிட்ட இடத்தில் ஏற்கவில்லை, அன்போடு காட்டிய இடத்தில் ஏற்றார்கள். இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகாகான், பலரறியத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைக் கண்டு அவர்தம் மக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். வலிந்து இழுத்துச் செல்லும் முறை தளர்ந்து, அவ்வச் சமூகத்தார் தமக்கென மருத்துவமனை நடத்தலாம் என்ற நிலை வந்ததும், ஓடி ஒளிந்தவர்கள் நோயாளிகளைத் தாமே அழைத்து வந்தனர். நோயும் அதுவே, மக்களும் அவர்களே. அழைத்த குரல் மட்டுமே மாறிற்று.

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்டவருள் 19 பேர் வில்வாதநோய் கண்டு இறந்தனர். பழி ஹாப்கின் தலைமேல் விழுந்தது. அவர் பதவி இழந்தார். புட்டியைத் திறந்த இடத்தில் தூய்மை தவறியதே காரணமென்று ஆராய்ந்து அறியப்பட்டு, 1907-இல்தான் அவர் குற்றமற்றவரானார். ஒரு புட்டியில் நேர்ந்த தவறு ஊரெல்லாம் அச்சத்தை விதைத்தது. நம்பிக்கை என்பது கண்ணாடிப் பாத்திரம். உருவாக்க ஆண்டுகள் ஆகும், உடையக் கணமே போதும். அத்தவற்றை மூடி மறைக்காது ஆராய்ந்து வெளியிட்டதும் விஞ்ஞானமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பரேலில் அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் 1925 முதல் ஹாப்கின் நிலையம் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மாட்டுங்கா அன்பர்கள் இன்னுமொன்றை அறிந்தால் வியப்பார்கள். அந்தப் பிளேக் தந்த படிப்பினையால்தான் 1898-இல் நகரச் சீரமைப்பு நிறுவனம் ஏற்பட்டது. நெரிசல் மிகுந்த பழைய நகருக்கு மாற்றாக, காற்றும் வெளிச்சமும் புகும் புதிய குடியிருப்புகளை அது தாதரிலும் மாட்டுங்காவிலும் வகுத்தது. நீங்கள் மாலையில் உலவும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவும், மரநிழல் கவிந்த அகன்ற சாலைகளும் அத்திட்டத்தின் கொடையே. நம் தெருவின் அகலத்திற்குள்ளே விஞ்ஞானம் படுத்திருக்கிறது. நாம்தாம் அதனை அறியாது நடக்கிறோம்!

இரண்டாவது காட்சி 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18, வெள்ளிக்கிழமை. மாகிம் கடல் இனிக்கிறது என்ற செய்தி காட்டுத்தீயெனப் பரவிற்று. மகான் மக்தூம் சாகிபின் அருளென்று பலர் கைகூப்பினர். ஆயிரக்கணக்கானோர் குடங்களோடும் புட்டிகளோடும் கடற்கரைக்கு விரைந்தனர். தாராவியிலிருந்து மாகிம் எவ்வளவு தூரம்? எங்கள் தெருவே எழுந்து சென்றது. நானும் சென்றேன். ஒரு கை அள்ளிப் பருகியும் பார்த்தேன். உப்பு மிகக் குறைவாகத்தான் இருந்தது. என் அன்னையார் ஒரு புட்டி நிறைய எடுத்து வந்து பூசை மாடத்தில் வைத்தார்கள்.

பிறருடைய பக்தியை இகழ்வது என் நோக்கமன்று. நான் இகழ்வது என்னைத்தான். நாவு ருசி பார்த்தது, அறிவு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரைச் சுமந்துகொண்டு, குர்லா வழியாக வந்து, நம் தாராவியின் ஓரத்தைத் தழுவிக்கொண்டு மாகிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி ஆற்றை நான் நாள்தோறும் பார்க்கிறவன். அதன் பெயருக்கே இனிமை என்பதுதான் பொருள். மழைக்காலத்தில் அவ்வாற்றின் வழியே பெருகி வரும் நன்னீர், கடல்நீரைவிட எடை குறைந்ததாதலின் மேலே மிதந்து நிற்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நன்னீரில் அது இல்லை. ஆகவே மேல்மட்டத்து நீர் சில நேரம் உப்புக் குறைந்திருப்பது இயல்பே. விஞ்ஞானிகள் இவ்வாறுதான் விளக்கினர்.

இங்குள்ள சிறுவர் சிறுமியர் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு குவளை நன்னீரில் முட்டையை இட்டால் அது அமிழும். கைப்பிடி உப்பைக் கரைத்துவிட்டு இட்டால் மிதக்கும். அந்த உப்புநீரின்மேல், கரண்டியின் பின்புறத்தின் வழியே, வண்ணங் கலந்த நன்னீரை மெல்ல ஊற்றினால் அது தனி அடுக்காக மேலே நிற்பதைக் காணலாம். மாகிமில் நடந்தது நம் சமையலறைக் குவளையிலும் நடக்கும்!

ஆனால் அந்த ஆற்றில் வேறென்ன கலந்திருந்தது? நகரின் சாக்கடையும் ஆலைகளின் கழிவும் கலந்திருந்தன. குடிக்க வேண்டாமென்று மாநகராட்சி எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு எட்டுவதற்கு முன்னரே புட்டிகள் வீடு வந்து சேர்ந்துவிட்டன. வதந்தி எங்கள் வீட்டுப் பேச்சுமொழியில், எங்களுக்குத் தெரிந்தவர் வாயால் வந்தது. உண்மையோ அறிக்கை மொழியில், அறிமுகமில்லாதவர் வாயால், காலந்தாழ்ந்து வந்தது. இரண்டில் எது முந்தும் என்று கூறவும் வேண்டுமோ?

மூன்றாவது காட்சியை நீங்கள் அனைவரும் கண்டிருக்கிறீர்கள். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1. தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு, அன்றே மறைந்தார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் உட்பட்ட பரப்பில் எட்டு முதல் பத்து இலட்சம் பேர் வாழ்வதாக மதிப்பிடப்படும் இடம் இது. ஓர் அறையில் எண்மர், பதின்மர். பெரும்பாலோர்க்குப் பொதுக் கழிப்பறை. "விலகி இருங்கள்" என்று உலகம் கூறிற்று. எங்கே விலகுவது? தாராவி சுடுகாடாகும் என்று பேசாதவர் இல்லை.

அந்நாளில் எங்கள் வீட்டில் நடந்ததை இன்று முதன்முறையாக மேடையில் சொல்கிறேன். ஏப்ரல் மாத இறுதியில் என் தந்தையாருக்குக் காய்ச்சல் கண்டது. நாங்கள் வெளியே சொல்லவில்லை. "அழைத்துச் சென்றால் திரும்பி வரமாட்டார்கள், உடலையும் தரமாட்டார்கள்" என்று தெருவெங்கும் பேச்சு. கைப்பேசியில் வந்த செய்தியொன்று, கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சுத் திணறல் வராது என்றது. நான் அதை நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் நாற்பது பேருக்கு அனுப்பியும் வைத்தேன். ஒற்றைப் பத்திக் கணக்கை ஒப்புக்கொள்ளாத எழுத்தன், தன் தந்தையின் மூச்சுக்கு ஒற்றைப் பத்திக் கணக்கை நம்பினேன்! இரண்டு நாள் மறைத்தோம். அந்த இரண்டு நாளும் எதிர்வீட்டு ஆச்சி, வழக்கம்போல் கஞ்சி கொண்டு வந்து, வாசலில் நின்று அன்னையாரோடு பேசிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. பாதுகாப்பு உடையில் தலைமுதல் கால்வரை மூடிய உருவமொன்று நின்றது. நாங்கள் நடுங்கினோம். உள்ளிருந்து வந்த குரலோ இருபது ஆண்டுகளாக எங்கள் தெருவில் மருத்துவம் பார்த்துவரும் டாக்டருடையது. "அண்ணாச்சி, நான்தான் வந்திருக்கிறேன். விரலை மட்டும் நீட்டுங்கள், போதும்" என்றார். தந்தையார் மறுப்பின்றி விரலை நீட்டினார்கள். ஒரு சிறு கருவியை விரலில் மாட்டினார். சிவப்பொளியையும் கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்பொளியையும் விரலினூடே செலுத்தி, எவ்வளவு ஒளி மறுபுறம் வருகிறது என்பதைக் கொண்டு, இரத்தத்தில் உயிர்வளி எத்துணை என்று கணக்கிடும் கருவி அது. 95-க்குமேல் இருக்கவேண்டிய எண் 88 என்று காட்டிற்று. தந்தையார்க்கோ மூச்சுத் திணறுவதாகவே தோன்றவில்லை! உடலே அறியாததை அக்கருவி அறிந்து சொன்னது. அன்றே மருத்துவமனைக்குச் சென்றார்கள். பதினேழாம் நாள் நடந்தே வீடு திரும்பினார்கள். இதோ, இந்த மண்டபத்தின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டு ஆச்சி அமர்ந்திருக்கவில்லை. மே மாதத்தில் அவர்கள் காலமானார்கள். எங்கள் வாசலில் நின்ற அந்த இரண்டு நாள்தான் காரணமா, வேறிடத்தில் தொற்றியதா என்பதை எந்தக் கருவியும் இனிச் சொல்லாது. சொல்லாதது எனக்கு ஆறுதல் அன்று.

நண்பர்களே! தாராவியில் அந்நாளில் நடந்தது என்ன? நோய் வரட்டுமென்று காத்திராமல், நோயைத் தேடிச் சென்றார்கள். ஜி-வடக்கு வட்டத்தின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் தலைமையில் மாநகராட்சியினர் காய்ச்சல் முகாம்களை நடத்தினர். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. பொதுக் கழிப்பறைகள் நாள்தோறும் பலமுறை கழுவப்பட்டன. எல்லாவற்றினும் மேலாக, தெருத் தெருவாக மருத்துவம் பார்த்துவந்த தனியார் மருத்துவர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் அப்பணியில் சேர்ந்தனர். 1896-இல் கதவைத் தட்டியது அறியாத கை. 2020-இல் தட்டியதோ அறிந்த கை. அன்று மருத்துவமனையின்மேல் கல் எறிந்த இதே நகரத்து உழைப்பாளி மக்கள், இன்று தாமே நடந்து சென்று முகாமில் வரிசையில் நின்றார்கள். ஜூலை 7-ஆம் நாள் தாராவியில் புதிய நோயாளி ஒருவரே. ஜூலை 10-இல் உலக சுகாதார நிறுவனத் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25-இல் புதிய நோயாளி ஒருவருமில்லை.

இங்கே கைதட்டி அமர்ந்துவிட ஆசைதான். ஆனால் இரண்டு பத்திக் கணக்கு என்று கூறியவன் மறு பத்தியை மறைக்கலாகாது. அதே ஜூலை மாதத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், நீதி ஆயோக்கும், மாநகராட்சியும் சேர்ந்து மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வட்டங்களில் இரத்தச் சோதனை நடத்தின. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், பிற வீடுகளில் நூற்றுக்கு 16 பேருக்கும் அந்நோய் முன்பே வந்து போயிருந்தமைக்கு அடையாளம் இருந்தது. வந்து போனதையே பெரும்பாலோர் அறியவில்லை. தாராவி அச்சோதனையில் சேரவில்லையாயினும், நெரிசல் மிகுந்த இடங்களில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதை அது காட்டிற்று. ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் பல்லாயிரவர். ஆகவே எண்கள் குறைந்ததற்கு முகாம்கள் மட்டுமே காரணமென்று சொல்ல விஞ்ஞானம் இடந்தராது. ஆனால் என் தந்தையாரைப் போல, காலத்தில் கண்டறியப்பட்டதால் பிழைத்தவர் பலர் என்பதை நான் அறிவேன். பெருமையையும் அளந்தே பேச வேண்டுமென்பதை விஞ்ஞானம் கற்பிக்கிறது.

இன்னுமொன்று. இந்தப் பேரேட்டின் முன் நாட்டு மருந்து, மேனாட்டு மருந்து என்ற வேற்றுமை கிடையாது. மலேரியாவுக்குரிய ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை கொரோனாவைத் தீர்க்கும் என்று 2020-இன் தொடக்கத்தில் பெரிய நாடுகளின் தலைவர்களே கூறினர். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரு பத்திகளாகப் பிரித்துப் பார்த்தபோது, மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அம்மாத்திரையால் பயனில்லை என்று ஜூனில் தெரிந்தது. அதே ஆராய்ச்சியில், விலை மலிந்த பழைய மருந்தாகிய டெக்சாமெத்தசோன் உயிர்வளி தேவைப்பட்டவர்களுள் பலரைக் காப்பாற்றுகிறது என்றும் தெரிந்தது. யார் சொன்னார் என்பதன்று, எவ்வாறு அறிந்தார் என்பதே கேள்வி. வள்ளுவப் பெருந்தகை அறிவுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த மரபில் வந்தவர்கள் நாம். கேள்வி கேட்பது நமக்குப் புதிதன்று.

இனி, நம் சங்கம் செய்யத்தக்கது யாது?

நாடகம் நடத்துகிறோம், பொங்கல் கொண்டாடுகிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் வைத்திருக்கிறோம். மிக்க மகிழ்ச்சி. ஆயினும் விஞ்ஞானத்துக்குத் தமிழில் ஒரு நாற்காலி போடவில்லையே! தமிழில் இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துக் காட்டினார். பெ. நா. அப்புசாமி அவர்கள் வழக்கறிஞராயிருந்தும் வாழ்நாளெல்லாம் விஞ்ஞானத்தை இனிய தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987 முதல் சிறுவர்க்கெனத் "துளிர்" இதழை நடத்தி வந்திருக்கின்றனர். நம் மராத்திய அண்டைவீட்டாரைப் பாருங்கள். 1966-இலேயே மராத்தி விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவினர். அதன் விஞ்ஞான பவன் சயானை அடுத்த சுனாபட்டியில், நாம் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. செம்பூருக்கு அப்பால் மான்கூர்டில் 1974-இல் தோன்றிய ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் இருக்கிறது. ஊற்றுகள் அருகிலிருக்கின்றன. குடத்தை எடுத்துச் செல்வதுதான் குறை. மாகிமுக்குக் குடம் தூக்கிய நமக்கு இது அரிதா?

என் வேண்டுகோள் மிகச் சிறியது. திங்களுக்கு ஒரு மாலை நம் சங்கக் கூடத்தில் "விஞ்ஞான மாலை" நடக்கட்டும். நம் பகுதி மருத்துவர்களும், அணு நிலையத்திலும் கல்லூரிகளிலும் பணிபுரியும் நம்மவரும் வந்து, நாம் பேசும் தமிழில் அரைமணி பேசட்டும். மீதி ஒருமணி நாம் கேள்வி கேட்போம். கூச்சமின்றிக் கேட்போம். பாட்டிமார் முதலில் கேட்கட்டும். இன்று நாம் நம் மருத்துவரோடும் ஆசிரியரோடும் பழகி வைக்கும் பழக்கமே, நாளை இன்னொரு நோய் வரும்போது நம் கதவைத் திறக்கும் சாவி. நோய் வந்தபின் நம்பிக்கையைத் தேடினால் கிட்டாது.

இரண்டாவது வேண்டுகோள் ஒவ்வொரு வீட்டாருக்கும். கைப்பேசியில் ஒரு மருத்துவச் செய்தி வந்தால் அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதனைச் சொன்னவர் யார்? அவர் எவ்வாறு அறிந்தார்? மறு பத்தி எங்கே? மூன்றுக்கும் விடை இல்லையேல் விரலை எடுத்துவிடுங்கள். நாற்பது பேருக்கு அனுப்பியவன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆச்சி கஞ்சி கொண்டு வந்த கிண்ணம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அன்னையார் அதைக் கழுவி, முன்னொரு நாள் மாகிம் நீர்ப் புட்டியை வைத்திருந்த அதே மாடத்தில் வைத்திருக்கிறார்கள். அதனைப் பார்க்குந்தோறும், நாம் அறிந்ததை நேரத்தில் சொல்வதும், அறியாததை நேரத்தில் கேட்பதும் அண்டைவீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த முதல் விஞ்ஞான மாலைக்கு நாற்காலி போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். நாள் குறிக்கும் வேலையைச் செயலாளர் ஏற்க வேண்டும். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!